பின் ஆசனம்

எதிர்க்கரையில் மலை தெரிந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2024-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம். பிலிப்பைன்ஸ் தேசத்தின் செபு தீவில், மேற்குக் கரையோரமாக மோவல்போவல் என்று ஒரு சின்ன ஊர். அந்தப் பெயரை ஒரு தடவையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று என் மனைவி இரண்டு நாளாக முயன்றுகொண்டிருந்தாள். அவளுடைய அக்கா மகன் செபு நகரத்தில் வைத்தியம் படிக்கிறான். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் அந்த நாட்டில் வைத்தியம் படிக்கிறார்கள். அவனைப் பார்க்கத்தான் போயிருந்தோம். போன இடத்தில் அவனுக்குப் பரீட்சை. "சித்தப்பா, நாலு நாள் என்னை விட்டுடுங்க. சித்தியைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது கடற்கரைப் பக்கம் போயிட்டு வாங்க" என்று பஸ் ஏற்றி அனுப்பிவிட்டான். பெரியவர்களை நாசூக்காக அப்புறப்படுத்துகிற சாமர்த்தியம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றாக வருகிறது.

மோவல்போவலில் கரையிலிருந்து நாலு கை நீந்தினால் போதும். மத்தி மீன்கள் கணக்கில்லாமல் ஒரே மேகம்போலத் திரும்பித் திரும்பி ஓடுகின்றன. வெளிநாட்டார் அதைப் பார்க்கத்தான் அங்கே வருகிறார்கள். என் மனைவி மீனைப் பார்க்கவில்லை. மாலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிர்க்கரையையே பார்த்தாள். நீலமாக ஒரு மலைத்தொடர். அதன் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"அது என்ன ஊருங்க?"

எனக்குத் தெரியவில்லை. விடுதிக்காரப் பெண்மணி சொன்னாள். அது நெக்ரோஸ் தீவு. தெற்கே போகப் போக ஜலசந்தி ஒடுங்கும். பாத்தோ என்ற துறையில் மிதவைக் கப்பல் ஏறினால் அந்தப் பக்கம் போய்விடலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் துமகெத்தே என்று ஒரு நகரம் இருக்கிறது. கடலோர நகரம், நல்ல ஜனங்கள், பெரிய சர்வகலாசாலை எல்லாம் உண்டு. பஸ்ஸிலும் போகலாம். இல்லையென்றால், என்று வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைக் காட்டினாள்.

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க நான் வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி, "வண்டியிலேயே போயிடலாமே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

2013-ஆம் வருஷம் தை மாதம். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கல்யாணம். மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். அறுவடைக் காலத்தில் தஞ்சை ஜில்லாவில் சாலைதான் களம். நெல்லைத் தாரில் பரப்பி உலர்த்துவார்கள். வைக்கோலையும் போட்டு வைப்பார்கள். ஒரு திருப்பத்தில் நெல்மேல் சக்கரம் ஏறிற்று. அவ்வளவுதான். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரிப்பதற்குள் நான் வண்டியை விற்றுவிட்டேன். கேட்டவர்களிடமெல்லாம், "அவளுக்கு ரொம்பப் பயம் வந்துவிட்டது, ஐயா. வண்டிச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறாள்" என்று சொன்னேன்.

சொன்னதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. மறு வருஷம் அதை ஒரு கதையாக எழுதினேன். விபத்துக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு பெண். அவளைத் தேற்றும் கணவன். கதைக்கு நல்ல பெயர். பெண் மனத்தின் ஆழத்தைத் தொட்டுவிட்டீர்கள் என்று கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அடக்கமாகப் பதில் எழுதினேன். என் மனைவி கதையைப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள். பிறகு அடுப்பில் வைத்த எண்ணெய் காய்கிறது என்று உள்ளே போய்விட்டாள். பதினோரு வருஷமாக நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் ஏறவில்லை.

அப்படிப்பட்டவள்தான் இப்போது வண்டியிலேயே போகலாம் என்கிறாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நம் ஊர் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் அங்கே 90 நாள் வரை செல்லும். தலைக்கவசம் இருவருக்கும் கட்டாயம், 2010-இலிருந்து சட்டம். வண்டி கிளட்ச் இல்லாத கியர் வண்டி. கியரைக் காலால் மாற்றினால் போதும்; இடது கைக்கு வேலை இல்லை. வேலையில்லாத கை எதையாவது தேடிக்கொண்டே இருந்தது. இன்னொரு சங்கடம், அந்த தேசத்தில் சாலையின் வலது பக்கம் போக வேண்டும். முதல் முனையிலேயே பழக்க தோஷத்தால் இடது பக்கம் திரும்பி, ஒரு ஜீப்னி வண்டியின் எதிரே போய் நின்றேன். டிரைவர் திட்டவில்லை; சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முனையிலும் பின்னாலிருந்து, "வலது, வலது" என்று குரல் வந்தது. என் மனைவி வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வலது பக்கம் போவதில் ஒரு லாபமும் இருந்தது. தெற்கு நோக்கிப் போகிறவனுக்குக் கடல் வலது கையிலேயே வருகிறது. சில இடங்களில் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சுவர்தான். பாதியான், அலெக்ரியா, மலபுயோக் என்று ஊர்கள் வந்தன. ஒவ்வோர் ஊருக்கும் பழைய காலத்து மாதா கோயில், அதற்கு எதிரே கூடைப்பந்து விளையாடக் கூரை போட்ட மேடை. ஜனங்கள் அங்கே மோட்டார் சைக்கிளை வண்டியாக மட்டும் நினைக்கவில்லை, குடும்பமாகவே நினைக்கிறார்கள். அப்பா, அம்மா, நடுவில் இரண்டு பிள்ளைகள், பெட்ரோல் டாங்கியின் மேல் ஒரு குழந்தை. வாடகைக்கு ஆள் ஏற்றுகிற வண்டிக்கு ஹபல் ஹபல் என்று பெயர். மலைப்பாதையில் பலகை கட்டி ஏழெட்டுப் பேரைக்கூட ஏற்றிவிடுவார்களாம். பெட்ரோலைக் கோக்கோ கோலா பாட்டில்களில் ஊற்றி வீட்டு வாசலில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். ஒரு கிழவியிடம் ஒரு பாட்டில் வாங்கினேன். தாகத்துக்கு வாங்குகிறேன் என்று நினைத்து என் மனைவி பதறிப் போனாள்.

கினதிலான் என்ற ஊரில் கோயில் முன்னால் கொஞ்சம் நின்றோம். 1672-இல் குவாம் தீவில் ஸ்பானியப் பாதிரியார் ஒருவரோடு கொல்லப்பட்ட பெத்ரோ கலுங்சோத் என்ற இளைஞனை 2012-இல் போப்பாண்டவர் புனிதராக அறிவித்தார். அவன் எங்கள் ஊர்ப் பிள்ளை என்று சொல்லும் ஊர்கள் சில உண்டு. கினதிலான் அவற்றில் ஒன்று. நம் ஊரில் கம்பர் எழுந்தருளிய இடம் எது என்று சண்டை போடுவதில்லையா, அதுபோல.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ஒரு திருப்பம். திருப்பத்துக்கு அப்பால் சாலையில் பாதி மஞ்சளாக இருந்தது.

மக்காச்சோளம். தார்ச்சாலையில் நீளப் பரப்பி உலர்த்தியிருந்தார்கள். செபு தீவில் நெல் குறைவு. சோளத்தை நொய்யாக உடைத்துச் சோறாக்கிச் சாப்பிடுவது பழைய வழக்கம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் தெரிந்ததெல்லாம் மஞ்சள் நிறம் ஒன்றுதான். வண்டியை நிறுத்திவிட்டேன். சோளத்துக்கு இன்னும் முப்பது கஜம் இருந்தது. எஞ்சினை அணைத்தேன். கை நடுங்கியது. காலைக் கீழே ஊன்றினால் காலும் நடுங்கியது.

என் மனைவி இறங்கினாள். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு நடந்து போய், சோளத்தில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். நிழலில் உட்கார்ந்து காவல் காத்த கிழவி ஏதோ கேட்டாள், இவள் தமிழில் பதில் சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"உனக்குப் பயமா இருக்குமேன்னுதான்."

"எனக்கென்ன பயம்?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கிழவி, "ஹினாய் ஹினாய்" என்று கையை அமர்த்திக் காட்டினாள். மெல்ல மெல்ல என்று அர்த்தம். மெல்ல ஓட்டினேன், மாட்டு வண்டியைவிட மெல்ல. சோளத்தின் விளிம்பைக் கடந்து நூறு கஜம் போன பிறகுதான் மூச்சே விட்டேன். பின்னால் இருந்தவள் ஒன்றும் பேசவில்லை. மோட்டார் சைக்கிளில் இதுதான் கஷ்டம். கூட வருகிறவளின் முகம் தெரியாது.

பாத்தோவில் கப்பல் ஏறினோம். கப்பல் என்றால் பெரிய தட்டு மாதிரி. முன்பக்கத்துப் பலகையைக் கரையில் இறக்கினால் லாரிகளும் பஸ்களும் நேரே உள்ளே போய்விடும். வண்டியின் பதிவுக் கடிதங்களைக் காட்டினால்தான் ஏற்றுவார்கள். விடுதிக்காரப் பெண்மணி முன்யோசனையாகக் கொடுத்தனுப்பியிருந்தாள். கப்பல் போய்ச் சேருகிற எதிர்க்கரைத் துறைக்குப் பெயர் தாம்பி. சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்ததும் என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். "தம்பியைப் பார்க்கப் போறோம்" என்றாள்.

பேச்சைச் சோளத்தின் பக்கம் போகவிடக் கூடாது என்று எனக்கு உள்ளூர ஒரு பரபரப்பு. அதனால் டால்பின் வழக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். நாங்கள் கடந்துகொண்டிருந்த தன்யோன் ஜலசந்தி டால்பின்களுக்கும் திமிங்கிலங்களுக்கும் பெயர் போனது. 1998-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கடல் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு அதே அரசாங்கம் அங்கே எண்ணெய் தேட ஒரு ஜப்பானியக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. 2007-இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வழக்குப் போயிற்று. வாதி யார் தெரியுமா? தன்யோன் ஜலசந்தியில் வசிக்கும் திமிங்கிலங்களும் டால்பின்களும்! அவற்றின் சார்பில் இரண்டு பெண் வழக்கறிஞர்கள். 2015 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. எண்ணெய் ஒப்பந்தம் செல்லாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

என் மனைவி கம்பிமேல் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஒரு டால்பின்கூடத் தலைகாட்டவில்லை.

"நல்ல வேலைதான் செஞ்சிருக்காங்க. ஆனா அந்த டால்பினுங்களை யாராவது கேட்டாங்களா?"

"அதுகளை எப்படிக் கேட்கிறது? வாயில்லாத ஜீவன்."

"எனக்கு வாய் இருந்துதே. நீங்க கேட்டீங்களா?"

நான் எதிர்பார்த்த திசையிலிருந்து அது வரவில்லை. எந்தக் கதையைச் சொல்கிறாள் என்று கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பத்து வருஷம் கழித்து ஒரு கதைக்கு விமரிசனம் வந்திருந்தது. அதுவும் நடுக்கடலில்.

தாம்பியில் இறங்கி, பதினைந்து கிலோமீட்டருக்குள்ளாகவே துமகெத்தே வந்துவிட்டது. ஊருக்குப் பின்னால் தாலினிஸ் மலை, இரண்டு கொம்பு முளைத்தாற்போல. ஸ்பானியர்கள் அதற்குக் கொம்பு என்ற பொருளிலேயே பெயர் வைத்தார்கள். தகித் என்றால் அந்த ஊர்ப் பாஷையில் பறித்துக்கொண்டு போவது. பழைய நாளில் தெற்கேயிருந்து கடற்கொள்ளைக்காரர்கள் படகில் வந்து ஜனங்களை அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போவார்களாம். அந்த வார்த்தையிலிருந்துதான் துமகெத்தே என்ற பெயர் வந்தது என்கிறார்கள். கொள்ளைக்காரர் வரவைப் பார்த்து மணியடிக்கக் கட்டிய கற்கோபுரம் கோயிலுக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. இப்போது அதன் அடியில் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். இப்படிப் பிடிபட்ட ஊருக்கு இன்று வழங்கும் பட்டப்பெயர், மென்மையான மனிதர்களின் நகரம். மூன்று சக்கர வண்டிக்காரர்கள்கூட ஹார்ன் அடிக்கக் கூச்சப்படுகிறார்கள். அடி வாங்கியவர்களுக்குத்தான் மென்மை வருமோ என்னவோ.

பிற்பகல் ஸில்லிமன் சர்வகலாசாலைக்குள் போனோம். 1901-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் ஆரம்பித்தது. நியூயார்க் மாகாணத்துக்காரர் ஒருவர் கொடுத்த 10,000 டாலர் அதற்கு முதல். அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் என் மனைவி அண்ணாந்து பார்த்து, "நம்ம தூங்குமூஞ்சி மரம்!" என்று கத்தினாள். ஆமாம். வரிசை வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். அவர்கள் அதை அகேஷியா என்கிறார்கள். நான்கு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரங்கள்.

எனக்கு அங்கே ஒரு சொந்த ஆசை இருந்தது. எடில்பெர்த்தோ தியெம்போ, எடித் தியெம்போ என்று கணவன் மனைவி. இருவரும் எழுத்தாளர்கள். அவர் நாவலாசிரியர், அந்த அம்மாள் கவிதையும் நாவலும் எழுதியவர். இருவரும் அமெரிக்காவில் அயோவாவுக்குப் போய் அங்கே இளம் எழுத்தாளர்களைப் பழக்கும் முறையைப் பார்த்துவிட்டு வந்து, 1962-இல் இந்த ஸில்லிமனில் எழுத்தாளர் பட்டறை ஒன்றை ஆரம்பித்தார்கள். அது இன்றுவரை நடக்கிறது. இளம் எழுத்தாளர்கள் வருவார்கள். எழுதியதை எல்லார் முன்னாலும் வைப்பார்கள். அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துவிடுவார்கள். எடித் அம்மாளை அம்மா என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். 1999-இல் தேசியக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. கணவர் 1996-இலேயே போய்விட்டார். அவர் 2011-இல்.

மரத்தடி பெஞ்சியில் உட்கார்ந்து இதைச் சொன்னேன்.

"அப்போ அவர் எழுதினதை அந்த அம்மா படிச்சுப் பார்த்துச் சொல்லியிருப்பாங்க" என்றாள்.

"சொல்லாமலா?"

"கேட்டிருப்பார். அதனாலே சொல்லியிருப்பாங்க."

நான் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்தேன். அந்தி நெருங்கிவிட்டது. இலைகள் மூடிக்கொள்ள ஆரம்பித்திருந்தன.

ராத்திரி கடலோரச் சாலைக்கு வந்தோம். ரிஸால் பூல்வார் என்று பெயர். துமகெத்தே கிழக்குப் பார்த்த ஊர். சூரியன் மலைக்குப் பின்னால் எப்போதோ இறங்கிவிட்டது. கடற்சுவர் நெடுக ஜனங்கள். மாணவர்கள், கிழவர்கள், குழந்தைகள். மீன் விழுதைக் குச்சியில் கோத்துப் பொரித்து தெம்புரா என்று விற்கிறார்கள். கன்னிமார் ஏழு பேர் 1904-இல் படகில் வந்திறங்கியதன் நினைவாக ஒரு சிலை. என் மனைவி எண்ணிப் பார்த்து, ஏழு சரிதான் என்று ஒப்புக்கொண்டாள். கடலுக்கு அப்பால் சிகிஹோர் தீவின் விளக்குகள். மந்திரம், மருந்து வைப்பது, இதற்கெல்லாம் அந்தத் தீவுக்குப் பெயர் உண்டு.

ரிஸால் ஒரு நாவலாசிரியர். 1887-இலும் 1891-இலும் இரண்டு நாவல்கள் எழுதினார். ஸ்பானிய ஆட்சி அவரைத் தபித்தான் என்ற ஊருக்கு நாடு கடத்திற்று. நான்கு வருஷம் கழித்து அங்கிருந்து மனிலாவுக்குக் கப்பலில் போகும்போது, 1896 ஆகஸ்டு முதல் தேதி துமகெத்தேயில் இறங்கினார். கூட ஜோசபின் பிராக்கென் இருந்தாள். அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்க மாதா கோயில் மறுத்திருந்தது. அதே வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி ரிஸாலைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். எழுதியதற்காக உயிரைக் கொடுத்தவரின் பெயர் கொண்ட சாலையில், எழுதியதற்காக மனைவிக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

"சொல்லு" என்றேன்.

"என்னத்தை?"

"அன்னிக்கு என்ன நடந்தது?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். கீழே விழுந்ததும் அவளுக்கு முதலில் வலியே தெரியவில்லையாம். வானம்தான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், நான் சாலை நடுவே நின்றுகொண்டிருந்தேன். வண்டியைத் தூக்கவில்லை, அவளையும் தூக்கவில்லை. உடம்பெல்லாம் ஆடிக்கொண்டு, சிதறிய நெல்லைக் காலால் கூட்டிக்கொண்டிருந்தேனாம். களத்தில் இருந்த பெண்கள்தான் ஓடி வந்து அவளைத் தூக்கினார்கள்.

நெல்லைக் கூட்டியது எனக்கு நினைவில்லை. ஆனால் அவள் சொன்னதும் பாதத்துக்கு நினைவு வந்துவிட்டது.

"வண்டியை ஏன் வித்துட்டேன்னு உங்க சிநேகிதர் வீட்டுக்கு வந்து கேட்டார். நீங்க பதில் சொல்ல முடியாம முழிச்சீங்க. பார்க்கப் பாவமா இருந்தது. அதனாலே நான், எனக்குத்தான் பயம், நான்தான் விக்கச் சொன்னேன்னு சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். அப்புறம் நீங்களே சொல்ல ஆரம்பிச்சுட்டீங்க. கதையும் எழுதிட்டீங்க."

"நீ ஏன் அப்பவே சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? கதையிலே அந்தப் பொண்ணு கண்ணை மூடிக்கறதைப் படிச்சப்போ எனக்கு அழுகை வந்துடுச்சு. அது நீங்கதான்னு தெரிஞ்சுதே. புடவை கட்டி விட்டிருந்தீங்க, அவ்வளவுதான்."

தெம்புராக்காரி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பேசுவதற்கு எனக்கு ஒன்றுமில்லை. கடிதம் எழுதிய வாசகர்களின் முகங்கள், நான் பார்த்தே இராத முகங்கள், வரிசையாகக் கண் முன்னால் வந்தன. ஒரு அம்மாள் மதுரையிலிருந்து எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள்.

"அந்த மணிக்கட்டு இப்போ வலிக்குதா?" என்று கேட்டேன். பதினோரு வருஷத்தில் கேட்டதில்லையா என்றால், கேட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருந்ததுதான் இல்லை.

"மழைக்காலத்திலே கொஞ்சம்" என்றாள்.

மறுநாள் காலை பொதுச் சந்தைக்குப் போனோம். அங்கே ஒரு மூலையில் நீளமான பெஞ்சிகளைப் போட்டுக் காலை ஆகாரம் கொடுக்கிறார்கள். புத்பூத் என்று ஒன்று: சிறுதானியத்தைத் தேங்காய்ப் பாலில் வேக வைத்து, வாழையிலையில் சுருட்டிக் கட்டியது. கூட சுடச்சுடக் கெட்டியான சாக்லேட் கஷாயம். பக்கத்தில் பூத்தோ. என் மனைவி அதைப் புட்டு என்றே தீர்மானித்துவிட்டாள், நான் மறுக்கவில்லை. பழக்காரியிடம் போய் மாம்பழத்தைக் காட்டி என்ன பெயர் என்று கேட்டாள். "மங்கா" என்றாள் அவள். "மாங்காய்!" என்றாள் இவள். மலாய்க்காரர்கள் வழியாகப் போய்ச் சேர்ந்த நம் வார்த்தைதான் அது. "மங்கா, மாங்காய்" என்று இரண்டு பெண்களும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்காக விலையைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

திரும்பும்போது அதே திருப்பம் வந்தது. இந்தத் தடவை கடல் இடது பக்கம். சோளம் இருந்தது, கிழவியும் இருந்தாள். ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்தி, "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். தலைக்கவசத்துக்குள் என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"சரி, இறங்கித் தள்ளிக்கிட்டுப் போவோம்" என்றாள்.

தள்ளிக்கொண்டே போனோம். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் பின்னாலிருந்து தள்ளினாள். கிழவி எழுந்து நின்று பார்த்தாள். வண்டி பழுது என்று நினைத்திருப்பாள். "அம்பிங்" என்று விடை கொடுத்தாள். பத்திரம் என்று அர்த்தம்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் என் மனைவியிடம் காட்டினேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலோடு படித்தாள். முதல் பிரதியில், அவள் வழி நெடுக என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, ஓரத்தில் "பின்கம்பி" என்று எழுதினாள்.